மூன்று இளங்கன்றுகளை ஏற்றிவர வீட்டில் செய்த பெட்டி போதுமா?

கன்றுப்பட்டி:
மூன்று வாரம் நிரம்பிய மூன்று கன்றுகளை, ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு பண்ணையிலிருந்து எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் 50 கிலோவை ஒட்டி இருக்கும். கால்நடை ஏற்றுவதற்கென்றே செய்த டிரெய்லர் என்னிடம் இல்லை. ஒரு பிக்கப் வண்டியும், சரக்கு ஏற்றும் சிறிய திறந்த டிரெய்லரும் இருக்கின்றன. எப்போதாவது வரும் இந்த வேலைக்காகத் தனியாக ஒன்றை வாங்குவது கட்டுப்படியாகாது. கன்றுகளுக்குத் தீங்கு வராமல் வீட்டிலேயே ஏதேனும் செய்துகொள்ள முடியுமா?

மயிலைக்காளை:
முடியும், பெரிய ஏற்பாடும் தேவையில்லை. முப்பது ஆண்டுகளாக நான் செய்துவருவதைச் சொல்கிறேன். கன்றைக் கழுத்து வரை சாக்குக்குள் இறக்கி, தலை மட்டும் வெளியே இருக்கும்படி சாக்கின் வாயைத் தளர்வாகக் கட்டி, வைக்கோல் மெத்தையின் மேல் கிடத்திவிட வேண்டும். கொஞ்சம் வளர்ந்த கன்றாக இருந்தால் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுவேன். அவிழ்த்துவிட்ட கன்று திறந்த வண்டியிலிருந்து துள்ளிக் குதித்ததை இருமுறை என் கண்ணால் கண்டிருக்கிறேன், இரண்டுமே பிழைக்கவில்லை. கட்டிக் கொண்டுவந்த கன்று ஒன்றைக்கூட நான் இழந்ததில்லை. புறப்படும் முன் பால் கொடுக்காமல் இருந்தால் கழிச்சலும் இராது, வண்டியும் சுத்தமாக இருக்கும்.

செவலை:
ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். திறந்த வண்டியில் கன்றை அவிழ்த்துவிடக் கூடாது என்பதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கால்களைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. கால்நடைகளை ஏற்றிச் செல்வது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதிமுறை, கால்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி குலுங்கும்போது கன்று தன் உடலைத் தாங்கிக்கொள்வது கால்களால்தான். அவற்றைக் கட்டிவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் தலை தளத்தில் அடிபடுகிறது. ஒன்றரை மணி நேரம் கட்டிக் கிடந்த கன்று ஒன்றை நான் இறக்கியிருக்கிறேன். கயிற்றை அவிழ்த்த பிறகும் முன்னங்கால் குளம்பு பின்பக்கமாக மடிந்தே இருந்தது. எழ முயன்று முட்டி போட்டு விழுந்தது, மறுபடி விழுந்தது. கயிறு பதிந்த இடத்தில் மயிர் உரிந்து ஈரமாக இருந்தது. அது இறக்கவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் இரண்டு நாள் சரியாகப் பால் குடிக்கவில்லை.

பட்டினி போடுவதும் தவறு. இந்த வயதுக் கன்றின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. பால்தான் அதற்கு வெப்பம். ஏற்றுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வழக்கமான அளவுப் பாலைக் கொடுத்துவிட்டு, வந்து சேர்ந்ததும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றக் கரைசலைக் கொடுக்கலாம்.

தச்சுப்பட்டறை:
கேட்டவருக்கு வேண்டியது ஒரு பெட்டி. அதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன அதே விதிமுறை, 50 கிலோ கன்று ஒன்றுக்கு 0.30 முதல் 0.40 சதுர மீட்டர் இடம் என்று வகுத்திருக்கிறது. உங்கள் மூன்று கன்றுகளுக்கு 1.2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் போதும். இடம் அதற்கு மேல் மிகுந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். பிரேக் போடும்போது கன்று ஓடிப்போய் மோதுவதற்கான தூரம்தான் அங்கே கூடுகிறது. சுவர் 1.2 மீட்டர் உயரத்தில் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் இருக்கட்டும். சரக்குத் தட்டுகளின் சட்டங்களை அடித்துப் பெட்டி செய்பவர்கள் உண்டு; அவற்றின் இடுக்கில் கன்றின் கால் சென்றால், அது பதறி இழுக்கும்போதே எலும்பு முறிந்துவிடும். சட்டம் வெளிப்பக்கமும் பலகை உட்பக்கமும் வரவேண்டும். முடிந்தபின் உங்கள் உள்ளங்கையை உட்சுவர் முழுவதும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். திருகாணி முனை ஒன்று கையில் தட்டினாலும் அது கன்றின் கண் உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

தரையில் ரப்பர் பாய், அதன்மேல் தடிமனாக வைக்கோல். பெட்டியை ஓட்டுநர் அறையின் பின்சுவரோடு ஒட்டி வைத்து, நான்கு மூலைகளிலும் இறுக்குப் பட்டையால் வண்டியின் கொக்கிகளில் கட்டுங்கள். உள்ளே கன்றுகளை அவிழ்த்தே விடலாம். கழுத்தில் சுருக்கு முடிச்சோடு கயிறு எதுவும் இருக்கக் கூடாது.

சிறிய டிரெய்லரை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அரை டன் சுமைக்கு ஏற்ற வில்லும் காற்று நிறைந்த சக்கரமும் 150 கிலோவுக்கு வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும்.

மயிலைக்காளை:
பலகைப் பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. மூன்று கன்றுகள் அவிழ்த்த நிலையில் நிற்கின்றன, வண்டி வளைவில் திரும்புகிறது. மூன்றும் ஒரே பக்கம் சரிந்தால், அடியில் அகப்பட்ட கன்றுக்கு மூச்சு முட்டாதா? சாக்கில் இருக்கும் கன்று தன் இடத்திலேயே கிடக்கும். என் சாக்கு முறையில் கால் முறியவும் வழியில்லை, கயிறு இறுகவும் வழியில்லை. கால் கட்டுவதை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். சாக்கை ஏன் விட வேண்டும்?

செவலை:
வளைவு பற்றிய கேள்வி நியாயமானது, அதற்கு விடை ஓட்டும் வேகத்தில் இருக்கிறது. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் நின்றே வரும். இளங்கன்றுகளோ தரை வழுக்காமல் உலர்ந்திருந்தால், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே படுத்துவிடுகின்றன. ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருக்கும் கன்றுகள் சரிவதில்லை. தரை ஈரமாகவோ வழுக்கலாகவோ இருந்தால்தான் பயந்து நின்றுகொண்டே தள்ளாடும்.

சாக்கில் எனக்குள்ள குறை ஈரம். கன்று அதற்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. நனைந்த சாக்கோடு திறந்த வண்டியில் காற்று வீசினால், குளிர்நாளில் உடல் விறைத்துவிடும். வெயில் நாளில் அதே சாக்கு வெப்பத்தை வெளியேற விடாது. பிறந்த ஒரே ஒரு கன்றை மேய்ச்சல் நிலத்திலிருந்து கொட்டகை வரை, பத்து நிமிடத்தில், ஒருவர் மடியில் பிடித்துக்கொண்டு வருவதற்குச் சாக்கு உதவும். ஒன்றரை மணி நேரத்துக்கு உதவாது.

பின்னிருக்கை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் காரின் பின்பகுதியில் இருக்கையை மடித்து, தார்ப்பாய் விரித்து இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்தேன். காற்றும் இல்லை, மழையும் இல்லை. இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

செவலை:
குழந்தைகள் அமரும் காரில் கன்றுகளை ஏற்றவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கன்றுகளின் கழிச்சலில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் சால்மொனெல்லா கிருமியும் இருக்கக்கூடும். இரண்டும் மனிதருக்குத் தொற்றுபவை. முதலாவது குளோரின் கலந்த கிருமிநாசினிக்கு எளிதில் அழிவதில்லை, இருக்கைத் துணியிலிருந்து அதை நீக்குவதும் கடினம். பிரேக்கை அழுத்தியதும் முன்னால் பாயும் 50 கிலோ உடலுக்கும் ஓட்டுநரின் கழுத்துக்கும் இடையே உங்கள் காரில் எந்தத் தடுப்பும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தச்சுப்பட்டறை:
மூடிய கூடு பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டிக்கு மேல் தார்ப்பாய் போடும்போது சிலர் முன்பக்கத்தை இறுக மூடிவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைக்கிறார்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்புகிறது. புகைக்குழாயின் நச்சுப்புகையும் அதோடு சேர்ந்து வரும். கூரைக்குக் கீழே சுற்றிலும் ஒரு சாண் அளவு இடைவெளி விடுங்கள். படுத்திருக்கும் கன்றின் மேல் காற்று நேராக அடிக்காமல் இருக்க அந்த உயரம் போதும்.

கன்றுப்பட்டி:
நேற்று கொண்டுவந்துவிட்டோம். மூன்றின் தொப்புளும் நன்றாகக் காய்ந்திருந்ததைப் பார்த்த பிறகே ஏற்றினோம். ஒரு கை மார்பின் முன்னாலும் மறு கை தொடைகளுக்குப் பின்னாலுமாக அணைத்துத் தூக்கி, அதிகாலையிலேயே புறப்பட்டோம். அரை மணியில் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது இரண்டு கன்றுகள் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தன. ஒன்று மட்டும் மூலையில் சாய்ந்து நின்றது. காரணம் அங்கேயே தெரிந்தது. அந்த மூலையில் ரப்பர் பாயின் விளிம்பு சுருண்டு, வைக்கோல் ஒதுங்கி, வெறும் பலகை நனைந்திருந்தது. பாயை நான் ஆணியடிக்காமல் விட்டது என் பிழை. வைக்கோலை அள்ளிப் போட்டதும் அதுவும் படுத்துவிட்டது. அதன் முன்முட்டியில் மட்டும் சிறிய சிராய்ப்பு இருக்கிறது. மாலையில் மூன்றும் பால் குடித்தன.

மயிலைக்காளை:
பாயை ஆணியால் அடிக்க வேண்டாம். ஆணியின் தலை மேலெழும்பினால் கன்றின் முட்டியைக் கிழிக்கும். விளிம்பின் மேல் மெல்லிய மரச்சட்டம் வைத்துத் திருகுங்கள். ஒரே ஒரு பச்சிளங்கன்றுக்குச் சாக்கே போதும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனாலும் அடுத்த மாதம் எனக்கு இரண்டு கன்றுகள் வரவிருக்கின்றன. அந்தப் பெட்டியின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அதன் அகலம் எவ்வளவு என்று எழுதுங்கள்.