வலியில்லாத மார்பகக் கட்டி: பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: வயது 34. இடது மார்பில், அக்குள் ஓரமாக, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் நழுவுகிறது, வலி இல்லை. மாதவிடாய்க்கு இன்னும் 5 நாள். வலிக்காத கட்டிக்குப் பயமில்லை என்கிறார்களே?

பதில் 1: அந்தப் பேச்சை நம்பாதீங்க. புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. மாதவிடாய் நெருங்கும்போது இரண்டு மார்பும் கனத்து, திட்டுத்திட்டாக வலிப்பதுதான் ஹார்மோன் வேலை. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 10ஆம் நாளுக்குள் மறுபடி பாருங்க. மல்லாந்து படுத்து, இடது கையைத் தலைக்கடியில் வைத்து, வலது கையின் நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து அழுத்தணும். கிள்ளிப் பார்த்தால் நல்ல சதையும் கட்டியாகத்தான் தெரியும்! அப்போதும் கட்டி இருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போயிடுங்க.

பதில் 2: ஒன்று சேர்க்கிறேன். கல் மாதிரி இறுகி நகராத கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, ஒரு பக்கக் காம்பில் தானாகக் கசியும் ரத்தம், அக்குளில் நெறி: இதில் எது இருந்தாலும் மாதவிடாய்க் கணக்கே வேண்டாம், உடனே போகணும். மாதவிடாய் நின்றவர்களுக்கும் அப்படித்தான். ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பதில் 3: நழுவும் கட்டி இந்த வயதில் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி அல்லது நீர்க்கட்டி. ஆனால் கை மட்டும் அதை உறுதி செய்யாது. 30க்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட். 40 தாண்டினால் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேரும். இடைப்பட்ட வயதில் டாக்டர் முடிவு செய்வார். ஸ்கேன் எடுப்பவரிடம் கட்டி இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கையில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடக் கூடாது. அடர்த்தியான மார்பில் அது மறைந்துகொள்ளும். சந்தேகமிருந்தால் கோர் பயாப்ஸி: மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய துண்டுகளாகச் சதை எடுப்பார்கள். 'ஊசி பட்டால் பரவும்' என்ற பயத்தில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கேட்டவர்: பாலூட்டும் தங்கைக்கும் இதேதானா?

பதில் 1: பால் கட்டியிருக்கலாம், பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம். சில நாளில் கரையாவிட்டால் ஸ்கேன், பாலூட்டும்போதும் எடுக்கலாம். சிவந்து வீங்கி, ஆன்டிபயாடிக் முடித்தும் அடங்காவிட்டால் இன்னொரு கோர்ஸ் வாங்காமல் சர்ஜனிடம் காட்டச் சொல்லுங்க.