‘காஸ்ட் ரென்ட்’: அடக்க வாடகை எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஐரோப்பிய வாடகை வீடுகள் பற்றிய சொற்பட்டியலில் ‘காஸ்ட் ரென்ட்’டுக்கு, அதாவது சந்தை விலையைப் பாராமல் வீட்டைக் கட்டிப் பராமரிக்கும் செலவை மட்டும் ஈடுகட்டும் வாடகைக்கு, ‘செலவு வாடகை’, ‘மலிவு வாடகை’ என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டும் வேண்டாம். முன்னது குடியிருப்பவரின் செலவு என்றே காதில் விழும். பின்னது கருத்திலேயே பிழை: புதுக் கட்டடத்தில் இந்த வாடகை, பக்கத்துத் தனியார் பழைய வீட்டைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

‘அடக்க வாடகை’ என்பது என் பரிந்துரை. அடக்க விலை தெரியாத கடைக்காரர் இல்லை. ஆஸ்திரியாவின் 1979 பொதுநல வீட்டுச் சட்டத்தின் கணக்கும் அதுவே: கடன் தவணை, நிலச் செலவு, பராமரிப்பு நிதி, நிர்வாகம், சிறு சேமநிதி.

வீடு ஒன்றுக்கு 1,50,000 யூரோ கடன், 3% வட்டி, 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 632 யூரோ. மற்ற இனங்களுக்கு 200 சேர்த்தால் 832. கடன் அடைந்ததும் அந்த 632இல் பெரும்பகுதி கழன்றுவிடும். தனியார் வீட்டுக்காரரும் கடனை அடைத்திருப்பார், ஆனால் அவர் வாங்கும் வாடகை சந்தையோடு ஏறியிருக்கும். அடக்கத்துக்கே வாடகைக்கு விடும் பொதுநல நிறுவனம் தனியாரோடு போட்டியிடும் வலு பெறுவது இங்கேதான். வீட்டுவசதி ஆய்வாளர் ஜிம் கெமனி இப்படிக் கடன் பாரம் குறைவதை ‘மெச்சுரேஷன்’ என்றார். ‘முதிர்வு’ என்றால் வைப்புநிதிதான் நினைவுக்கு வரும். ‘கடன் தணிவு’ பொருந்தும்.

———

> ‘அடக்க வாடகை’ என்பது என் பரிந்துரை.

ஐயா, முழு உடன்பாடு. ஆனால் எதன் அடக்கம்? ஆஸ்திரியாவில் கட்டடத்துக்குக் கட்டடம் தனிக் கணக்கு. சுவீடனின் நகராட்சி வீட்டு நிறுவனங்களோ பழையதையும் புதியதையும் ஒரே கணக்கில் வைத்தன. கடன் தணிந்த வீடுகள் புது வீடுகளின் பாரத்தைத் தாங்கின. ஆகவே ‘கட்டட அடக்க வாடகை’, ‘தொகுப்பு அடக்க வாடகை’ என இரண்டு பதிவுகள் தேவை. 2010 இறுதிவரை அந்நிறுவனங்களின் வாடகையே தனியாருக்கும் அளவுகோல். 2011 முதல் அவை வணிக நெறிப்படி நடக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிந்தைய சுவீடனுக்கு இச்சொல்லை ஆளக் கூடாது.

‘சோஷியல் லேண்ட்லார்ட்’ என்பதற்கான ‘சமூக வீட்டுரிமையாளர்’ பதிவையும் மாற்றுங்கள். ‘எங்கள் சமூகத்தாருக்கு மட்டும்’ என்ற வாடகை விளம்பரங்களைப் பார்த்த கண்ணுக்கு அது சாதி வீடாகவே தெரியும். வீட்டுரிமையாளர் என்பதோ சொந்த வீட்டில் குடியிருப்பவரையும் குறிக்கும். அனுப்புநர், பெறுநர் போல ‘பொதுநல வாடகைவிடுநர்’, ‘தனியார் வாடகைவிடுநர்’ எனலாம்.

அதற்கு ‘ஏழையர் வீட்டு நிறுவனம்’ என்ற மாற்றுப் பரிந்துரையையும் ஏற்க முடியாது. நெதர்லாந்தில் 2011இல், இந்நிறுவனங்கள் வாடகை வரம்புக்கு உட்பட்டுக் காலியாகும் தம் வீடுகளில் 90 விழுக்காட்டை ஆண்டு வருமானம் சுமார் 33,000 யூரோவுக்கு உட்பட்டோருக்கே தர வேண்டியதாயிற்று. நடுத்தர வருமானத்தினரை ஈர்ப்பதில் தனியாரோடு அவற்றுக்கு இருந்த போட்டி அதனால் குறுகியது. சுவீடனில் அத்தகைய வருமான உச்சவரம்பே இல்லை. வரம்பு ஒரு நாட்டின் விதி. அதைச் சொல்லுக்குள் பூட்டிவிட்டால் மற்ற நாட்டுக்கு அது உதவாது.