டி ஆன்சா வளர்ந்ததா, வழி மாறிவிட்டதா?

சன்னிவேல்_சாம்பார்:
மகள் ஜூனில் பன்னிரண்டாவது முடிக்கிறாள். "டி ஆன்சாவில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறிக்கொள்கிறேன்" என்று அவளே சொல்கிறாள். டி ஆன்சா இங்கே கூப்பர்டினோவில் இருக்கும் இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜ். யூசி என்றால் பெர்க்லி உள்ளிட்ட வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். எனக்குச் சரி. அவள் அம்மாவுக்கும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் போன வாரம் சாப்பிட வந்த மச்சான், ரசத்தைக் கலக்கிக்கொண்டே ஒரு குண்டைப் போட்டார்: "1967இல் தொடங்கியபோது அது ஊருக்கான கல்லூரி. இப்போது பெர்க்லி வாசலில் போட்ட வெயிட்டிங் ரூம். அதை வளர்ச்சி என்கிறீர்களே!" அன்றிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பழைய ஆட்கள் நிறைய இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

பழத்தோட்டம்_88:
உங்கள் மச்சான் பக்கம் நான். 1988இல் கூப்பர்டினோ வந்தவன். அந்த வளாகம் ஒரு காலத்தில் ஒயின் தோட்டமும் மாளிகையுமாக இருந்த பண்ணை. மாளிகை இன்றும் நடுவில் நிற்கிறது. நான் வந்தபோது மாதத்தின் முதல் சனிக்கிழமை கார் நிறுத்துமிடம் முழுக்கச் சந்தை போடுவார்கள். எங்கள் வீட்டு முதல் ரைஸ் குக்கர் அங்கே நாலு டாலருக்கு வாங்கியது. மூடியில் கைப்பிடி கிடையாது, துணி பிடித்துத் திறப்போம். மாலையில் மண்பாண்ட வகுப்பு. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டியை வெளியே அனுப்பியது எது தெரியுமா? மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோ. நீச்சல், ஓவியம், மண்பாண்டம் போன்ற வகுப்புகளைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது என்று 2013இலிருந்து மாநிலம் முழுக்க விதி வந்தது. பட்டம் வாங்குகிறவனுக்கும் பல்கலைக்கு மாறுகிறவனுக்கும்தான் முன்னுரிமை. அப்புறம் கல்லூரிக்குள் இருந்த ஃபிளின்ட் அரங்கம். 1984 ஜனவரி 24இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டிய மேடை அது. சுமார் 2,400 இருக்கைகள். நான் அங்கே நாட்டிய நிகழ்ச்சியே பார்த்திருக்கிறேன். 2019இல் மூடுவதாக முடிவெடுத்துவிட்டார்கள். ஊர்க்காரன் உள்ளே போக இருந்த வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, 'வளர்ந்தோம்' என்றால் எப்படி?

எச்4_அக்கா:
பழத்தோட்டம் அண்ணா, வாசலை அடைத்தார்கள் என்றா சொல்கிறீர்கள்? எனக்குத் திறந்த ஒரே வாசல் அதுதான்.

2009இல் கல்யாணமாகி, எச்1பி வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தரும் எச்4 விசாவில் வந்தேன். வேலை செய்யக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. நாள் முழுக்க அபார்ட்மென்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எச்4 ஆட்களும் இங்கே ஒரு வருடம் இருந்து நிரூபித்தால் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். நம்பவே இல்லை. 2010இல் சேர்ந்தேன். அப்போது ஒரு யூனிட்டுக்கு (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 17 டாலர் கட்டணம். ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையில் 23ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தால் வாசலிலேயே இறக்கிவிடும்.

முதல் வகுப்பு கணக்குப்பதிவியல். எனக்கு இடப்பக்கம் வியட்நாம் தாத்தா, வலப்பக்கம் பதினேழு வயதுப் பையன், பின்னால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கொட்டாவி விடும் நர்ஸ். முதல் பரீட்சையில் தாத்தாவுக்குத்தான் கூடுதல் மார்க். கோயம்புத்தூரில் நான் படித்த காலேஜில் இந்த நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கவே முடியாது. 2015இல் எச்4 ஆட்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. டி ஆன்சாவில் வாங்கிய சான்றிதழை வைத்துத்தான் முதல் வேலைக்குப் போனேன். மண்பாண்டப் பாட்டிக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஊர் என்றால் அந்தப் பாட்டி மட்டுமா?

பழத்தோட்டம்_88:
தங்கச்சி, உங்கள் கதையை மறுக்கவில்லை. ஆனால் 17 டாலர் என்று நீங்களே சொன்னீர்கள். இன்றைக்கு 31. அதற்கு முன் கதை தெரியுமா? 1984 வரை கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ்களில் உள்ளூர் ஆட்களுக்குப் படிப்புக் கட்டணமே கிடையாது. 1978இல் வீட்டுவரிக்கு வரம்பு வைத்த 13ஆம் முன்மொழிவு வந்தது. அதுவரை ஊர் வரிப்பணத்தில் ஓடிய கல்லூரி, தலைநகரத்தின் கையை எதிர்பார்க்க ஆரம்பித்தது. காசு கொடுப்பவன் தாளம் போடுவான், கல்லூரி ஆடும். பாட்டியின் வகுப்பு போனதும் அப்படித்தான்.

மணி_மில்பிடஸ்:
கட்டண விஷயத்தில் பழத்தோட்டம் சார் சொல்வது சரி. மற்றதில் இல்லை.

'வெயிட்டிங் ரூம்' என்பதை ஏன் வசவாகச் சொல்கிறீர்கள்? 1960இல் கலிஃபோர்னியா போட்ட உயர்கல்விப் பெருந்திட்டமே அதுதான். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி, மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரி, மற்ற எல்லோருக்கும் ஜூனியர் காலேஜ், அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால் மேலே ஏறலாம் என்று ஏணியும் போட்டுத்தான் வைத்தார்கள். டி ஆன்சா திறந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து. பிறக்கும்போதே ஏணியோடு பிறந்த பிள்ளை அது. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக்கும் இங்கே படித்துவிட்டு பெர்க்லிக்குப் போனவர்தான். அதுவும் ஊர் பழத்தோட்டமாக இருந்த காலத்திலேயே.

இன்றைய கணக்கு: குவார்ட்டர் என்கிற ஒரு பருவத்துக்கு 15 யூனிட் என்றால் 465 டாலர், வருடத்துக்கு மூன்று குவார்ட்டர். சில்லறைக் கட்டணம், புத்தகம் தனி. முதல்முறை முழுநேரம் சேருகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் அதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. யூசியில் படிப்புக் கட்டணம் மட்டும் வருடத்துக்குப் பதினான்காயிரத்துக்கு மேல்.

ஃபிளின்ட் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது வருடக் கட்டடம், பழுதுபார்க்கும் செலவு எக்கச்சக்கம். இதை விடச் சுவாரசியமானது 2020 மார்ச் தேர்தல். ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி. கட்டடங்களுக்கு 898 மில்லியன் டாலர் கடன் பத்திரம், அப்புறம் ஆசிரியர் சம்பளம் மாதிரி நடைமுறைச் செலவுக்கு மனைக்கு வருடம் 48 டாலர் வரி. முதலாவது ஜெயித்தது, இரண்டாவது தோற்றது. பத்திரத்துக்கு 55 சதவீதம் போதும், வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதனால்தான் கட்டடம் எழும்புகிறது, வகுப்பு குறைகிறது. வழி மாறியது கல்லூரியா, ஓட்டுப் போட்ட நாமா?

பழத்தோட்டம்_88:
நான் இரண்டுக்கும் ஆம் என்றுதான் போட்டேன், மணி. என்னிடம் கேட்காதீர்கள் :)

ஏணி பற்றி ஒன்று. என் அக்கா பையன் வேறொரு மாவட்டத்தில் இருக்கும் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். பட்ஜெட் வெட்டு நேரம். இயற்பியல் வகுப்பில் இடமில்லை, அடுத்த பருவம் வா என்றார்கள். அடுத்த பருவம் கால்குலஸ் நிரம்பிவிட்டது. இரண்டு வருடப் படிப்பு நாலு வருடமானது. மூன்றாவது வருடத்தில் வீட்டில் யாரோடும் பேச்சே இல்லை. ஏணி இருக்கிறது என்பது உண்மை. நடுவில் இரண்டு படி இல்லாவிட்டால் அதற்குப் பெயர் என்ன?

கிரீஸ்_தம்பி:
எல்லோரும் யூசி, யூசி என்கிறீர்கள். நான் டி ஆன்சாவில் ஆட்டோமோட்டிவ் படித்தவன். எங்கேயும் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை.

அப்பா ஊரில் எல்லோரிடமும் "பையன் இன்ஜினியரிங்" என்றே சொல்லிவைத்திருந்தார். இன்ஜினைத்தானே பிரித்தேன், முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முதல் வாரமே பழைய டொயோட்டாவின் பிரேக்கைக் கழற்றி, டிரம்மின் தேய்மானத்தை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதச் சொன்னார்கள். நான் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "இந்தக் காரை உன் அம்மா ஓட்டுவார் என்று நினைத்துத் திரும்ப அள" என்றார். இரண்டாவது தடவை வேறு எண் வந்தது.

இப்போது சான்டா கிளாராவில் வேலை. ஹைப்ரிட் வண்டிதான் அதிகம். மாலை வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள். பழத்தோட்டம் அங்கிள் சொல்லும் 'ஊர்' அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மண்பாண்டப் பக்கம் தேடினால் கிடைக்காது.

பழத்தோட்டம்_88:
தம்பி, இது நல்ல அடி. பட்டறைப் பக்கம் நான் போனதே இல்லை.

ஆனால் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். உங்களோடு படித்தவர்களில் எத்தனை பேர் கூப்பர்டினோவில் குடியிருந்தார்கள்? வாடகையைப் பார்த்தால் யாரால் முடியும்? வீட்டு விலை ஏறியதில் இளம் குடும்பங்கள் நகர்ந்து, 2022இல் இங்கே தொடக்கப் பள்ளிகளையே மூடினார்கள். 2019இல் கம்யூனிட்டி காலேஜ் கார் நிறுத்துமிடங்களில் மாணவர்கள் இரவு காரிலேயே தூங்க அனுமதிக்கும் மசோதா வந்து, நிறைவேறாமல் நின்றுபோனது. காரில் தூங்க அனுமதி கேட்கும் நிலைமையில் மாணவன் இருந்தால், கல்லூரி எந்த ஊருக்கானது?

கிரீஸ்_தம்பி:
கூப்பர்டினோவிலா? ஒரே ஒருத்தன், அவனும் அத்தை வீட்டில். மற்றவர்கள் சான் ஹோசே கிழக்குப் பக்கம். ஒருத்தர் தூரத்து ஊரான மான்டிகாவிலிருந்து வருவார். 23ஆம் நம்பர் பஸ் கிழக்கே ஆலம் ராக் வரை போகிறது, அங்கிள். எனக்கு அந்த ரூட் முழுக்கத்தான் ஊர்.

எச்4_அக்கா:
அதே பஸ்! நடுவில் டவுன்டவுனில் பாதி பேர் தூங்கிவிடுவார்கள்.

சன்னிவேல்_சாம்பார்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு இந்த இழையை அனுப்பினேன். "பழத்தோட்டம் சொல்வதை மட்டும் படி" என்று பதில். மகள் கிரீஸ்_தம்பி எழுதியதை மட்டும் படித்துவிட்டு எனக்குக் காட்டுகிறாள்! அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் தேவையானதைப் படித்து முடித்தால் யூசியில் இடம் உறுதி என்கிறார்களே, அந்த உத்தரவாதச் சேர்க்கை அவளுக்கு உதவுமா?

மணி_மில்பிடஸ்:
பார்த்துச் செய்யுங்கள் சார். உத்தரவாதம் தருவது ஆறு யூசி வளாகங்கள்தான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. தருகிற வளாகங்களிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல் என்றால் சிலவற்றில் கிடையாது. பழத்தோட்டம் சார் சொன்ன காணாமல் போன படி இங்கேதான் இருக்கிறது.

எச்4_அக்கா:
சேரும் முன்பே கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரைப் பாருங்கள். கடைசி வாரத்தில் இடம் கிடைக்காது. அசிஸ்ட் தளத்தில் எந்த வகுப்புக்கு யூசியில் எந்த வகுப்பு ஈடு என்று வருடவாரியாக இருக்கும், அது மாறிக்கொண்டே இருக்கும். அவள் சேரும் வருடத்துப் பக்கத்தை அன்றைக்கே இறக்கி, பிரின்ட் எடுத்து வையுங்கள். கால்குலஸை முதல் குவார்ட்டரிலேயே போடச் சொல்லுங்கள், காலை எட்டு மணி வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை.