ட்வெல்ஃப்த் நைட்: மால்வோலியோவை மேடையில் காட்டலாமா?

வணக்கம் மக்களே. எங்கள் குழு ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ போடுகிறது. வயோலா ஆண் வேடமிட்டு சிசாரியோவாக வருவதும், சீமாட்டி ஒலிவியா அவளிடமே மனதைப் பறிகொடுப்பதும் ஒத்திகையில் நன்றாக வந்துவிட்டன. இடிப்பது ஒலிவியாவின் வீட்டு நிர்வாகி மால்வோலியோதான்.

ஒலிவியா தன்னைக் காதலிப்பதாகப் பணிப்பெண் மரியா எழுதிய போலிக் கடிதத்தை நம்பி மஞ்சள் காலுறையோடு இளித்துக்கொண்டு வரும்வரை ஒரே சிரிப்பு. அப்புறம் பைத்தியம் என்று இருட்டறையில் அடைக்கிறார்கள். கோமாளி ஃபெஸ்ட் தாடி, அங்கி எல்லாம் மாட்டிப் பாதிரியாராக வந்து வதைக்கிறான். இத்தனைக்கும் உள்ளே இருப்பவருக்கு அந்தத் தாடி தெரியவே தெரியாது!

நாடகத்தின் 1623 பதிப்பில் இந்தக் காட்சிக்கு மால்வோலியோ ‘உள்ளே’, அதாவது பார்வையாளர் கண்ணில் படாமல், என்றுதான் குறிப்பு. குரல் மட்டும் போதுமா, முகமும் தெரிய வேண்டுமா? முகத்தைப் பார்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறது. மேடையேற்றியவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்களேன். எங்களுடையது சின்ன மேடை, ஒரு திரை மட்டும்தான் உண்டு.