கோலாலம்பூர் பேரணியில் வீடியோ எடுக்கலாமா? புதிதாக வந்தவர்களுக்கு

தம்பி, சனிக்கிழமை சோகோ கடைத்தொகுதி பக்கம் பேரணி, ஓரமாக நின்று வீடியோ எடுத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நம்மூர்ப் பழக்கத்தில் இறங்கிவிடாதீர்கள். 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி மலேசியக் குடியுரிமை இல்லாதவர் பேரணி நடத்தவும் கூடாது, அதில் கலந்துகொள்ளவும் கூடாது, 10,000 ரிங்கிட் வரை அபராதம். வேலை பாஸோ (தங்கும் அனுமதி) மாணவர் பாஸோ, யாருக்கும் விலக்கில்லை. அபராதத்தையாவது கடன் வாங்கிக் கட்டிவிடலாம், பாஸ் போனால் என்ன செய்வீர்கள்?

கூட்டத்துக்குள் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அதுவும் பேரணி நிறத்தில் சட்டை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து மஸ்ஜித் ஜாமெக் ரயில் ஸ்டேஷனில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நடந்து போய்விடுங்கள்.

பேரணியைப் பதிவு செய்யப் போலீஸுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. சீருடையில் கேமராவோடு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும், சாதாரண உடையில் வரும் ஸ்பெஷல் பிராஞ்ச் (போலீஸ் உளவுப் பிரிவு) ஆட்களைத் தெரியாது. செய்தியாளர்கள் உள்ளே வந்து கருவிகளைப் பயன்படுத்தவும் அதில் இடமுண்டு, ஆனால் கையில் போன் இருப்பதால் நாம் செய்தியாளர் ஆகிவிட மாட்டோம். பொது இடத்தில் போலீஸைப் படமெடுப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை என்றாலும், அவர்கள் வேலைக்குக் குறுக்கே நின்றால் அது குற்றம். நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நீங்கள் போடும் வீடியோதான். அதில் முகம் தெளிவாகத் தெரியும் உள்ளூர்ப் பிள்ளைகளை நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிடலாம். உங்களுக்குக் கிடைக்கும் நாலு லைக்குக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை அலையக் கூடாது. முகங்களை மறைக்காமல் எதையும் போடாதீர்கள், வாட்ஸப் குரூப்பிலும்கூட.

அப்புறம், போலீஸ் பிடித்துவிட்டால் “சாயா டித்தாங்காப் கா?” (என்னைக் கைது செய்திருக்கிறீர்களா?) என்று மலாயில் பணிவாகக் கேளுங்கள், இல்லை என்றால் கிளம்பலாம். ஆமாம் என்றால் காரணத்தைச் சொல்லவேண்டும், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் பேச விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில் பிடித்தால் வெளிநாட்டவருக்கு அது 14 நாள் வரை போகும். போனை வாங்கிக்கொள்வார்கள், அதனால் வழக்கறிஞர் நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.