பாஸ்கா திருவிழிப்பு: புது நெருப்பும் பெரிய திரியும்

கேள்வி (முல்லைத்தீவு): எங்கட சிற்றாலயத்தில இந்த முறை பாஸ்கா திருவிழிப்புக்கு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடு) நெருப்பும் பாஸ்காத் திரியும் (பெரிய மெழுகுதிரி) இளையோரின்ர பொறுப்பு. எத்தினை மணிக்குத் தொடங்கலாம்? திரியில குத்துற ஐந்து சாம்பிராணி மணி ஏன்?

பதில் (கிளிநொச்சி): நல்லா இருட்டின பிறகுதான், ஆறு மணிக்கு வேண்டாம். காஞ்ச பாலை விறகும் சிரட்டையும் போதும். பச்சை விறகு புகையும், மண்ணெண்ணெய் ஊத்தினால் குப்பெண்டு எழும்பும். திரி மெழுகுதான், ஒவ்வொரு வருசமும் புதிசு. அதில சிலுவை, மேலே அல்பா, கீழே ஒமேகா (கிரேக்க முதல், கடைசி எழுத்துகள்), நாலு மூலையிலும் ஆண்டின் இலக்கங்கள். சாம்பிராணி மணிகள் ஆண்டவரின்ர ஐந்து காயங்களைக் குறிக்கும். அதுகளுக்கான துளைகளைச் சூடாக்கின ஆணியால முதலே போட்டு வையுங்கோ. அந்த நேரம் அழுத்தினால் மெழுகு வெடிக்கும்.

பதில் (மடு): விவிலிய வாசகங்களைக் குறைச்சாலும் விடுதலைப் பயணம் நூலின்ர 14ஆம் அதிகாரத்தை விடவே கூடாது. செங்கடலைக் கடந்த கதை இல்லாமல் அந்த இரவு விளங்காது. இளையோருக்கு இதையும் சொல்லுங்கோ: இயேசு உயிர்ப்பித்த லாசர் பழைய வாழ்வுக்குத்தான் திரும்பினார், பிறகும் இறந்தார். கிறிஸ்துவோ இனி இறப்பதில்லை (உரோமையர் 6:9). உயிர்ப்பு எண்டால் இதுதான். இது இல்லையெண்டால் எங்கட விசுவாசமே வீண் எண்டு பவுல் எழுதுறார்.

கேள்வி கேட்டவர்: நன்றி. லைற் எப்ப போடுறது?

பதில் (கிளிநொச்சி): மூன்றாம் முறை "கிறிஸ்துவின் ஒளி" பாடினவுடன. பீடத்து மெழுகுதிரிகளை மட்டும் "உன்னதங்களிலே" பாட்டு தொடங்கும்வரை கொளுத்தாதேங்கோ.