கை வலியோட நின்னவங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தப்போ

புதுக்கடைப் பக்கம், அண்டியாபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) சூப்பர்வைசர்:

கை வலியில நின்ன ஒருத்தரைத் திரும்ப வேலைக்கு எடுத்த கதை இது. தப்பு பண்ணினவன் நான்தான், அதையும் சேர்த்தே எழுதுறேன்.

எங்க ஆபீஸ்ல இருபது வருசமா முந்திரிப் பருப்புத் தொலி உரிக்கிற ஒரு அக்கா. போன வருசம் ஜூன் மழையில வலது பெருவிரல் அடியில வலி தொடங்கிச்சு. போர்மாவுல, அதாவது சூட்டு அறையில, காய்ஞ்சு வர்ற பருப்பு மழைக்காலத்துல ஈரக்காத்து பட்டுப் பதத்துப் போகும், தொலி விடாம ஒட்டிக்கிடும். வெயில் நாள்ல விரலால தேய்ச்சாலே உதிர்ற தொலியை அப்போ நெருக்கிப் பிடிச்சுக் கத்தியால சுரண்டணும். நம்ம மாவட்டத்துக்கு மழைக்காலமும் ரெண்டு. கூலி கிலோ கணக்கு, அதனால கையை யாரும் நிறுத்த மாட்டாங்க. தைலம் தேய்ச்சே மூணு மாசம் ஓட்டிட்டாங்க. துணி பிழிய முடியாம ஆனப்புறம்தான் ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிச்சு, கையை சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னாராம் டாக்டர். அக்கா அலறியிருக்காங்க. பெருவிரலை இழுக்கிற தசைநாணோட உறை வீங்கியிருக்குன்னு சொல்லி, விரலை அசைய விடாத பட்டை போட்டு, ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்ததால கூலியில 70 சதவீதம் வந்துச்சு. அதுவும் வருசத்துக்கு 91 நாளுக்கு மேல கிடையாது.

திரும்பி வந்தது சரியா ஐப்பசி மழையில. பீலிங்ல (தொலி உரிக்கிற வேலையில) உக்கார வைக்கக் கூடாதுங்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்துச்சு. 'லேசான வேலை'ன்னு பேக்கிங்கில விட்டேன். ஒரு டின் 11.34 கிலோ. அதை ஓரத்துல பிடிச்சுத் தூக்குறப்போ மொத்த பாரமும் அந்தப் பெருவிரல்லதான் வந்து விழும். நாலாம் நாள் "சாரே, இதுக்குத் தொலி உரிக்கியதே மேல்"னு சொன்னாங்க. லேசா கனமான்னு மட்டும்தான் பார்த்தேன். எந்த விரல் வேலை செய்யுதுன்னு பார்க்கல.

மறுபடி ரெண்டு வாரம் லீவு. அடுத்த தடவை உக்காந்து பேசினோம். எடை எழுதுறது, தட்டு எண்ணுறது, புதுசா வந்த பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறது. மூணாம் வாரத்துல இருந்து காலையில ஒரு மணிநேரம் மட்டும் பீலிங். ஒவ்வொரு வாரமும் அரைமணி கூட்டினது. வலி வந்தா முந்தின வாரக் கணக்குக்கே திரும்பிடணும்.

கூலிதான் பெரிய சிக்கல். கிலோக் கணக்குல வச்சா ஒரு மணிநேரத்துல எவ்வளவு முடியுமோ அவ்வளவும் உரிச்சிடுவாங்க, போன வலி திரும்பி வரும். நோவுக்கு முந்தின மூணு மாசச் சராசரியை நாள்கூலியாக் கொடுக்கலாம்னு முதலாளிகிட்ட கேட்டேன். முகம் சுளிச்சார். வலிக்கிற கை பருப்பை உடைக்கும், முழுசா நின்னா 320ங்கிற முழுப்பருப்புத் தரத்துல போற பருப்பு துண்டா விழுந்தா என்ன விலைன்னு அவருக்கே தெரியும். அதைச் சொன்னப்புறம் எட்டு வாரத்துக்கு ஒத்துக்கிட்டார். மனுசக் கணக்கு எடுபடாத இடத்துல பருப்புக் கணக்கு எடுபட்டுச்சு.

"அவளுக்கு மட்டும் சும்மா இருக்கக் கூலியா?"ன்னு பக்கத்துல முணுமுணுப்பு கிளம்பாம இல்ல. அதை இன்னும் நான் சரியாச் சமாளிக்கல.

குலசேகரம், ரப்பர் தோட்டம்:

எங்ககிட்ட பால்வெட்டுற ஒரு அண்ணனுக்கு மணிக்கட்டு போச்சு. இருட்டோட எழும்பி, தலையில லைட்டு கட்டி, மரம் மரமா ஒரே வெட்டு. திரும்பி வந்தப்போ பாதி மரம்தான் கொடுத்தோம், மீதியை அவரு மச்சினன் வெட்டினான். ஆனா கத்தியைச் சொல்லணும். முனை மழுங்கின கத்திக்கு ரெண்டு மடங்கு தள்ளணும். இப்போ தினமும் வெட்டப் போறதுக்கு முன்னாடி தீட்டுறது கட்டாயம். சிரட்டையில கட்டின ஒட்டுப்பால் பிச்சு எடுக்கிற வேலையை அவருகிட்ட கொடுக்கவே இல்ல, அதுலயும் விரல் போகும்.

நாகர்கோவில், கணினி வேலை:

நான் மறுபக்கத்துல இருந்தவ. எனக்குப் பெருவிரல்ல இருந்து நடுவிரல் வரைக்கும் மரத்துப் போகும், மோதிர விரல்ல பாதி. மணிக்கட்டுக்குள்ள நரம்பு நெருக்குப்படுதுன்னாங்க. திரும்பி வேலைக்குப் போனப்போ மேலாளர் தினமும் அன்பாத்தான் கேப்பார், "இப்போ சரியாயிட்டுதா?"ன்னு. இல்லைன்னு எப்படிச் சொல்ல? சரியாயிட்டுன்னே சொல்லிட்டிருந்தேன். ஒரு நாள் ஆபீஸ்ல ஒரு மூத்த அக்கா, "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழும்பி கையை உதறினே மக்கா?"ன்னு கேட்டாங்க. நாலு தடவைன்னு வாயில வந்துட்டு. இந்த நோவு ராத்திரிலதான் உண்மையைச் சொல்லும். அன்னைக்கே என் டைப்பிங் வேலையைப் பாதியாக் குறைச்சாங்க.

வீட்டு வேலையையும் கேளுங்க, அண்டியாபீஸ் சாரே. தேங்கா திருகுறதும் மரச்சீனிக் கிழங்கு தொலிக்கிறதும் அதே கைதான்.

புதுக்கடைப் பக்கம், அண்டியாபீஸ் சூப்பர்வைசர்:

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அஞ்சு கிலோ கிழங்காம். "அதை என் மொவன் செய்யட்டும்"னு சிரிச்சாங்க, செய்யிறானா தெரியல. இப்போ அக்கா மதியம் வரைக்கும்தான் பீலிங், சாயங்காலம் எடை. ஜூன் பொறந்தா பீலிங்கே கிடையாதுன்னு இப்பவே எழுதி வச்சிருக்கேன். நாள்கூலி நின்னுட்டதால வருமானம் முன்னைக்கு இப்போ குறைவு, அதைப் பத்தி இன்னும் முதலாளிகிட்ட பேச்சு நடக்குது.